உயிர் போகும் திருகாணி

மடிக்கணினிக்கும் உயிர் உண்டு. அந்த உயிர் அடிப்பக்கத்துத் திருகாணி வழியாகத்தான் வெளியே போகும். இந்த அரிய உண்மையைக் கண்டுபிடித்தவர் வேக அடிகள்.

மருந்துக்கடை மாடியில் ஓர் அறை. நடுவில் ஒரு நீலத் திரை. வெளியே மாடிப்படி முழுக்க, வேகம் குறைந்துபோன மடிக்கணினியைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு நிற்கும் கூட்டம். விவரம் தெரியாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள், கண்ணுகளா. வரிசையில் இரண்டு வக்கீல்கள், ஒரு பல் டாக்டர், ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியர். எல்லாரும் விவரமானவர்கள். விவரத்தைச் செருப்போடு சேர்த்துக் கீழே விட்டுவிட்டு வந்தவர்கள்.

அடிகள் கணினியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திரைக்குள் போவார். பத்து நிமிடம் முணுமுணுப்பு. வெளியே வரும்போது ஒரு திருகாணியின்மேல் தாமிரத் தகடு ஒட்டியிருக்கும். அதுதான் முத்திரை. பிரித்தால் உயிர் போய்விடும். பொத்தானை அமுக்கிக் காட்டுவார்; கண் சிமிட்டும் நேரத்தில் கணினி விழிக்கும். கூட்டம் உருகும். வீட்டுக்குப் போய் நாலு வேலையை ஒன்றாகத் திறந்தால், பழைய திணறல். மறுபடி வந்து கேட்டால், அருள் தேய்ந்துவிட்டது, புதுக் காணிக்கை வை என்பார். தேயத் தேய வாங்கவேண்டிய பொருளுக்குச் சோப்பு என்றுதான் இதுவரை பெயர்.

அங்கே மூன்று முறை போய் வந்தவள், புத்தகங்களுக்குப் பக்கம் அமைக்கும் ஒருத்தி. அவள் கையில் இருந்தது முந்நூறு பக்கப் பாடநூல். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் வேலையை வேறு ஆளுக்கு மாற்றிவிடுவதாக அச்சகத்தில் சொல்லிவிட்டார்கள். குடும்பம் ஓடுவது அந்த வேலையில்தான். கணினியோ, ஒரு படத்தை நகர்த்தச் சொன்னால் யோசித்துச் சொல்கிறேன் என்கிறது. பாடநூல் எந்தப் பாடத்துக்கு என்கிறீர்களா? அறிவியல்.

புதன்கிழமை அவளுடைய நாத்தனார் வந்தாள். தையல் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவள். எதைக் கண்டாலும் கவிழ்த்துப் பார்க்கிற கை.

"அண்ணி, இதுக்குள்ள என்ன இருக்குன்னு பாத்தீங்களா?"

"தொடாதடி. உயிர் போயிடும்."

"இப்ப மட்டும் உயிரோட இருக்கிற மாதிரியா தெரியுது?"

நாத்தனார் கணினியை அணைத்து, ஒயரைப் பிடுங்கி, முத்திரையை நகத்தால் கிளப்பினாள். பத்துத் திருகாணிகளையும் கழற்றிய வரிசையிலேயே ஒரு தட்டில் வைத்தாள். மூடியைத் திறந்து பேட்டரி இணைப்பை எடுத்தாள். உயிர் வெளியே வரவில்லை. தூசி வந்தது. ஓர் எறும்பு வந்தது.

உள்ளே ரேம் செருக இரண்டு இடம் இருந்தது. ஒன்று காலி. வாங்கியபோது கொடுத்த ரசீதிலோ இரண்டு ரேம் என்று இருந்தது. ரேம் என்பது துணி வெட்டுகிற மேஜை மாதிரி, பாதி மேஜையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் எங்கே விரித்து வெட்டுவது என்று நாத்தனார் விளக்கினாள். இருந்த ரேமைக் கடையில் காட்டி, அதே மாதிரி ஒன்று வாங்கி வந்து, சாய்த்துச் செருகி அமுக்கினாள். 'டிக்' என்று உட்கார்ந்தது. கணினி ஓடத் தொடங்கியது.

அண்ணிக்கு நிம்மதி வந்ததா? முத்திரை பிரிந்துவிட்டதே, வெள்ளிக்கிழமைக்குள் ஏதாவது ஆகிவிட்டால் என்று பயம்தான் வந்தது. புது முத்திரை வேண்டுமாம். கடைக்காரன் அன்றைக்கே ஒரு ரேமைப் போடாமல் ஏமாற்றியிருப்பானாம். அடிகள் அப்படிச் செய்வாரா என்ன?

நாத்தனார் சண்டை போடவில்லை. "போகலாம். அதுக்கு முன்னாடி உங்க கையாலயே புது ரேம்ல ஒரு பொட்டு வைங்க" என்று சிவப்பு நகப்பூச்சை எடுத்து நீட்டினாள். அண்ணி வைத்தாள். மூடியை மூடினார்கள்.

வியாழக்கிழமை காலை மாடியேறினார்கள். திரைக்குள் போன கணினி முத்திரையோடு திரும்பியது. அடுத்து உள்ளே போனது தலைமையாசிரியருடையது. கூட்டத்திலேயே அடிகளைச் சத்தமாகப் புகழ்கிறவர் அவர்தான். அது கைக்குத் திரும்பியதும், பறக்கிறது என்று படிக்கட்டுக்கே அறிவித்தார்.

நாத்தனார் பெஞ்சில் உட்கார்ந்து அண்ணியின் முத்திரையைப் பிரித்தாள். உயிர் மேலே பட்டுவிடும் என்று ஒரு வக்கீல் இரண்டு படி இறங்கி நின்றார். மூடி திறந்தது. ஓர் இடம் காலி.

"முத்திரையைப் பிரிச்ச பாவம். உள்ள இருந்தது மறைஞ்சிருச்சு" என்றார் அடிகள்.

"எங்க போய் மறைஞ்சதுன்னு பாத்துடலாம். சார், உங்களதைக் கொஞ்சம் குடுங்க."

தலைமையாசிரியர் கணினியை மார்போடு அணைத்தார். "இதெல்லாம் அறிவியலுக்கு அப்பாற்பட்டதும்மா."

"திருகாணிக்குமா சார்?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். மனிதர் வெட்கப்பட்டுக் கொடுத்தார். திறந்தால், உள்ளே இரண்டு ரேம். ஒன்றின் நெற்றியில் சிவப்புப் பொட்டு.

அண்ணி எட்டிப் பார்த்தாள். பொட்டை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "இது என் நகப்பூச்சு. நான்தான் வச்சேன்."

திரையை இழுத்தார்கள். மேஜை இழுப்பறை நிறைய ரேம். யார் சத்தமாகப் புகழ்கிறாரோ அவருக்கு ஒன்று கூடும். சும்மா நிற்பவரிடம் ஒன்று குறையும். தேய்ந்த அருளெல்லாம் இழுப்பறையில் அடுக்கியிருந்தது. அடிகள் முதல்முறையாகப் பெயருக்கேற்ற வேகத்தோடு ஓடினார். ஆனால் அவர் சேர்த்த கூட்டமே படியை அடைத்துக்கொண்டு நின்றது.

அந்த ரேமை அண்ணியே தன் கையால் திரும்பச் செருகினாள். 'டிக்.' வெள்ளிக்கிழமை மதியம் பாடநூல் அச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

இத்தோடு புத்தி வந்திருக்கும் என்கிறீர்களா? அவர்கள் படியிறங்கும்போது பல் டாக்டர் பவ்யமாக வழிமறித்தார். "அந்த ஸ்க்ரூடிரைவரால என்னோடதையும் ஒரு தடவை தொட்டுக் குடும்மா."

நாத்தனார் அதை அவர் கையிலேயே திணித்தாள். "தொட்டா ஒண்ணும் ஆகாது டாக்டர். திருகணும்."

கணினியின் அடியிலாவது பத்துத் திருகாணி இருக்கிறது. உங்கள் தலையில் ஒன்றுகூட இல்லை, கண்ணுகளா. அந்தத் தலையைத் திறக்க எந்த மாடிப்படியில் வரிசை கட்டி நிற்கிறீர்கள்?