தேயிலைச் செடிக்குள் ஒரு வீடு

நான் பகற்கனவு காண்கிறவள். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. அந்தக் கனவை இருபது அடி நீளத்துக்கு அச்சடித்து, ஊர் பார்க்கக் கட்டித் தொங்கவிட்டார்களே, அதில்தான் வெட்கம்.

இரண்டாயிரத்து எட்டு என்று நினைக்கிறேன். எனக்கு இருபத்தொரு வயது. மலையகத்து ஹட்டன் டவுனில் ஓர் அச்சகத்தில் கணினியில் படம் வரைகிற வேலை. அப்பா தேயிலைத் தோட்டத்தில் கங்காணி. "டவுனுக்கு வேலைக்குப் போ, வேணாங்கல. ஆனா உன்னயப் பத்தி ஒரு பேச்சு எங்காதுக்கு வந்திச்சு, அன்னைக்கே வேலைய நிப்பாட்டிருவேன்" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார். பேச்சு எதுவும் வரவில்லை. வருமளவுக்கு நான் யாரோடும் பேசினால்தானே? (மனசுக்குள் பேசினதெல்லாம் சேர்த்தியில்லை.)

மனசுக்குள் பேசியது டயகம பஸ் கண்டக்டர் ரவியோடு. அதுவரை அவர் என்னிடம் பேசிய மொத்தப் பேச்சே, "முன்னுக்குப் போங்க தங்கச்சி, முன்னுக்குப் போங்க" என்பதுதான். அந்தத் 'தங்கச்சி'யை மட்டும் நான் காதில் வாங்கிக்கொள்வதில்லை.

எனக்குக் கணினி சொல்லித்தந்தவர் ஒரு யாழ்ப்பாணத்துச் சார். "பிள்ளையள், படத்தைத் திறந்த வடிவத்தில சேமியுங்கோ. ஒரு கம்பனியின்ர மென்பொருளுக்குள்ள உங்கட படம் மறியல்ல அடைபட்டுக் கிடக்கக் கூடாது. பத்து வருசம் கழிச்சும், எந்தக் கணினியிலயும், ஆரும் திறக்கலாம்" என்பார். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். அந்த 'ஆரும்' என்பதற்குள் எங்கள் அப்பாவும் அடக்கம் என்பது அப்போது உறைக்கவில்லை.

அக்காவுக்குக் கல்யாணம் வந்தது. அழைப்பிதழை நானே வரைந்தேன். மலை, பனிமூட்டம், கீழே நிரை நிரையாகத் தேயிலை. புள்ளிகளால் ஆன போட்டோ மாதிரியில்லை இந்தப் படம். எல்லாம் கோடுகள். எவ்வளவு பெரிதாக்கினாலும் கலங்காது, உடையாது.

ஒரு பின்னேரம் முதலாளி சாப்பிடப் போயிருந்தார். கதவு வழியாகப் பனி கடைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. தெருவும் தெரியவில்லை, சத்தமும் இல்லை. நான் சும்மா ஒரு தேயிலைச் செடியைப் பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன். போகப் போக உள்ளே இடம் இருந்துகொண்டேயிருந்தது. கடைசியில் ஒரே ஒரு இலை திரை முழுக்கப் பச்சையாக விரிந்து கிடந்தது. அதற்குள் ஒரு வீடு கட்டினேன். பத்துக் குடும்பம் சுவரோடு சுவர் ஒட்டிக் கிடக்கிற லயத்துக் காம்பரா இல்லை, தனி வீடு! நீலக் கதவு, தனி அடுப்படி, அதற்குள்ளேயே தண்ணீர்ப் பைப்பு, வாசலில் ரோசாச் செடி, ஒரு கேட்டு. கேட்டில் ஒரு பலகை, அதில் முதலில் என் பெயர்: 'செல்வி – ரவி இல்லம்'.

படத்தை மறுபடி சிறிதாக்கியபோது வீடு ஒரு கடுகளவுக்குச் சுருங்கிவிட்டது. அழித்திருக்கலாம். மனசு வரவில்லை. சேமித்தேன். (திறந்த வடிவத்தில்தான்!)

அழைப்பிதழ் அச்சாகி ஊரெல்லாம் போனது. ஒருத்தர் கண்ணிலும் வீடு படவில்லை. அப்பாவுக்குத்தான் படத்தின் மேல் அப்படியொரு ஆசை. "இதப் பெருசா போட்டா கலங்கிருமா புள்ள?" என்று கேட்டார்.

"லயத்துக் கூர அளவுக்குப் போட்டாலும் கலங்காதுப்பா. எந்தக் கடையிலயும் தெறக்கும்" என்றேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன? ஞாபகத்துக்கு என்று ஒரு சீடியில் போட்டுத் தரச் சொன்னார். கொடுத்தேன்.

கல்யாணத்தன்று காலையில் கோயில் மண்டபத்துக்குப் போனால், வாசலில் இருபது அடி பேனர். மணமக்கள் பெயரோடு என் மலை, என் பனி, என் தேயிலை.

"நுவரெலியாவுல ஒரு கடையில போட்டேன்" என்று அப்பா சிரித்தார். "மத்தவங்க கொண்டார படமெல்லாம் அவங்க மிசின்ல தெறக்க மாட்டேங்குதாம். ஒன்னோடது ஒரே தட்டுல தெறந்துச்சாம்!"

அந்தச் செடியைத் தேடினேன். சின்னப்பிள்ளைகளின் முகத்துக்கு நேராக இருந்தது. பலகை எழுத்துகூட வெட்டிவைத்தது போலத் தெளிவு. செடியை மறைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். டயகமவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிற பஸ் பனியில் மாட்டிப் பிந்திக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் அசையவில்லை நான்.

"என்னாடி இது, வேரு புடிச்ச மாதிரி நிக்கிற? போயி ஆரத்தித் தட்ட எடுத்தா!" என்று அம்மா விரட்டினாள். போய்த்தான் ஆகவேண்டும். தட்டோடு திரும்பி ஓடிவருவதற்குள் பிள்ளைகள் கத்தத் தொடங்கிவிட்டன.

"இங்க பாருங்க, தேயிலக்குள்ள ஒரு வூடு!"

காத்திருந்து அலுத்துப்போன சனம் மொத்தமும் அங்கே கூடியது. அந்த நேரம் பார்த்துப் பனியை விலக்கிக்கொண்டு வந்து நின்றது மாப்பிள்ளை வீட்டு பஸ். வாடகைக்குப் பிடித்த பஸ். இறங்கிய கண்டக்டர், சாட்சாத் ரவி. என்ன கூட்டம் என்று எட்டிப் பார்த்தவர், ஊர்ப்பெயர் கூவுகிற அதே குரலில், "செல்வி, ரவி இல்லம்!" என்று வாசித்தார்.

"எந்த ரவி?" என்றார் யாரோ. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் ரவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மடச்சி!

"மானத்த வாங்கிட்டியேடி பாவி!" என்று அம்மா தலையிலடித்துக்கொண்டாள். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். வேலை போச்சு, கணினி போச்சு, நாளை முதல் கொழுந்துக் கூடைதான் என்று எனக்கு அழுகை முட்டியது. அப்பா விரலைப் பலகையிலிருந்து அடுப்படிக்கு நகர்த்தினார்.

"பைப்பு வூட்டுக்குள்ளயேவா இருக்கு?"

"ஆமாப்பா."

"அடுப்படி தனியா?"

"ஆமாப்பா."

இன்னும் குனிந்து வீட்டைச் சுற்றித் தேடினார். பிறகு நிமிர்ந்தார். "கக்கூசு எங்க?"

மறந்தேபோயிருந்தேன்.

"நீலக் கதவு வச்சிருக்க, ரோசாச் செடி வச்சிருக்க, கக்கூசு வைக்கலியே! வூட்டுக்கு வந்தவங்க தேயிலக்குள்ள போயி ஒதுங்குறதா?"

மண்டபமே சிரித்தது. மணப்பெண் அக்கா உள்ளேயிருந்து சிரித்தது வெளியே கேட்டது. ரவிக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது. "எனக்குஞ் சேத்துக் கட்டுற வூடுன்னா ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே தங்..." என்று தொடங்கி நிறுத்தினார். "செல்வி" என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் அந்தரத்தில் மிதந்தேன். ஆரத்தித் தட்டு சரிந்து மஞ்சள் தண்ணீர் காலில் கொட்டியதே பிறகுதான் தெரிந்தது.

"திங்கக்கெழம வேலைக்குப் போ" என்றார் அப்பா. "ஆனா இனிமே எந்தப் படத்தையும் எங்கிட்டக் காட்டிட்டுத்தான் வெளிய குடுக்கணும்."

இரண்டு வருடம் கழித்து ரவியைக் கட்டிக்கொண்டேன். இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் யார் என்ன திட்டம் போட்டாலும், பயணமோ படிப்போ, "எல்லாஞ் சரி, கக்கூசு எங்க?" என்று ஒரு குரல் வரும்.

அக்காவின் கல்யாண வீடியோ இப்போது எந்தக் கணினியிலும் திறப்பதில்லை. போன வருடம் எங்களுக்கு வீடு கட்ட ஒரு துண்டு நிலம் கிடைத்தபோது, என் படம் ஒரே தட்டில் திறந்தது. மலை, பனி, செடி, இலை என்று பெரிதாக்கிக்கொண்டே உள்ளே போனேன். நீலக் கதவு அப்படியே இருந்தது. ரோசாச் செடிக்குப் பக்கத்தில் கக்கூசை வரையத் தொடங்கினேன்.

"பின்னுக்குப் போ செல்வி" என்றார் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்த கண்டக்டர். "இன்னுங் கொஞ்சம் பின்னுக்குப் போ."