ஒரே தேதியில் டொராண்டோவும் வான்கூவரும்

என் அன்புக்கும் அவ்வப்போது என் அதட்டலுக்கும் உரிய மருமகப் பிள்ளைக்கு, உன் தாய்மாமன் மனமார எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தையும் தையல் மிஷினும் சுகம். மிஷினுக்கு மட்டும் லேசாக இருமல். அங்கே நீயும் உன் வேலையும் உன் வண்டியும் அதேபோல் சுகமாக இருக்க வேண்டும் என்று இந்த நேரம் வரை வேண்டிக்கொண்டிருக்கிறேன், இதற்கு மேலும் வேண்டிக்கொள்வேன்.

"மாமா, டொராண்டோ நிச்சயம்தானே? வெள்ளிக்கிழமை டிக்கெட் போடறேன், ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்று நேற்று செய்தி அனுப்பியிருந்தாய். ஒரே வார்த்தையில் சொல்லத் தெரியாதவனா நான்? ஒரே வார்த்தையில் ஒரு நீதிபதியையே வாயடைக்க வைத்தவன் (அவருடைய கோட்டுக்கு அளவெடுக்கும்போது "தொந்தி" என்றேன், அவ்வளவுதான்). ஆனால் சில விஷயங்களை ஒரே வார்த்தையில் சொன்னால் அது வெட்டிய துணி மாதிரி விளிம்பு பிரிந்து நிற்கும், மடித்துத் தைத்துத்தான் கொடுக்க வேண்டும். போனில் சொல்லலாம் என்றால் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் குறுக்கே பேச ஆளில்லை. எழுதி முடித்ததும் உன் அத்தை தன் போனில் படம் பிடித்து அனுப்புவாள், பொறுமையாகப் படி, நடுவில் எழுந்து போகாதே.

விஷயம் என்னவென்றால் போன ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் அக்கா வான்கூவரிலிருந்து பேசினாள். எடுத்த எடுப்பிலேயே, "தம்பி வீட்டுக்குத்தானே போகப்போறீங்க மாமா? போங்க. எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல" என்றாள். வருத்தமில்லாதவளுக்கு மூக்கு ஏனப்பா அடைக்க வேண்டும்? எனக்கு மனசு கேட்கவில்லை. "யாரும்மா சொன்னது? நாங்க வர்றதே உன் வீட்டுக்குத்தான். உன் குழந்தைக்குச் சட்டைகூட வெட்டிட்டேன்" என்று சொல்லிவிட்டேன். வெட்டவில்லை, வெட்ட வேண்டும் என்று நினைத்திருந்தேன், அதுவே பாதி வெட்டியது போலத்தான். போனை வைத்து, டீ ஆறவில்லை, நீ கூப்பிட்டாய். "அக்காதானே உங்க செல்லம். அங்கதான் போவீங்கன்னு தெரியும். சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்" என்றாய். பேச்சுக்குக் கேட்கிறவன் பேசி முடித்ததும் அப்படியா மூச்சுவிடாமல் காத்திருப்பான்? "போடா மடையா, டொராண்டோவுக்கு டிக்கெட்டப் போடு" என்றேன். தேதியும் சொன்னேன். அவளுக்குச் சொன்ன அதே தேதி.

இதைப் பொய் என்று நீ நினைக்கக்கூடாது, இது தொழில் பழக்கம். தையல்காரனிடம் "முடியாது" என்ற சரக்கே கிடையாது. துணியைக் கையில் வைத்துக்கொண்டு ஒருத்தர் ஆசையாக எதிரே நிற்கும்போது அந்த முகத்தைப் பார்த்து எப்படி முடியாது என்பது? "புதன்கிழமை வாங்க" என்போம். ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் அதே புதன்கிழமைதான். வந்து கேட்டால் "பட்டன் மட்டும்தான் பாக்கி" என்போம். எல்லோரும் திட்டிக்கொண்டே போவார்கள், எல்லோரும் திரும்பி வருவார்கள், அப்படித்தான் இந்தத் தெருவிலேயே முதல் கடை என்று பெயர் வாங்கினேன். (தெருவில் இரண்டு தையல் கடைதான். இருந்தாலும் முதல் கடை முதல் கடைதானே.) அதே கணக்கில் கனடாவுக்கும் சொல்லிவிட்டேன்.

தவிர, நான் என்ன நினைத்தேன் என்றால், ஒரே தேசத்துக்குள் இருக்கிற இரண்டு ஊர், பஸ் நிலையமும் ரயில் நிலையமும் மாதிரி நடந்துபோகிற தூரத்தில்தானே இருக்கும் என்று. பக்கத்துக் கடை மூக்குக்கண்ணாடிக்காரரிடம், "காலையில டொராண்டோவுல குளிச்சிட்டு, ஈரத் துண்டை வான்கூவர்ல காயப்போடுவேன்" என்று சொல்லியும் வைத்தேன். மனிதர் அதோடு விட்டிருக்கலாம். விடாமல் என்னைத் தன் கடைக்குள் இழுத்துப்போய் சுவரில் மாட்டியிருக்கிற உலகப் படத்துக்கு முன்னால் நிறுத்தினார். கண் சோதிக்கும் விளக்கை வேறு அதன்மேல் போட்டார். கழுத்தில் எப்போதும் கிடக்கிற டேப்பை எடுத்து இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்குப் பிடித்துப் பார்த்தேன். "ப்பூ, இவ்வளவுதானே? ஒரு சின்னப் பையனோட காலர் அளவுகூட இல்ல" என்றேன். "அது காலர் இல்ல மாஸ்டர், ஒரு தேசத்தோட இந்தக் கோடி அந்தக் கோடி. உங்க துண்டு போய்ச் சேர்றதுக்குள்ள காஞ்சு, கிழிஞ்சு, கரித்துணியாயிடும்" என்றார். அவருக்குப் பொறாமை. அவருக்குக் கனடாவில் யாரும் இல்லை. எனக்கு இந்தக் கோடியில் ஒருத்தன், அந்தக் கோடியில் ஒருத்தி.

சரி, தூரம் கிடக்கட்டும், குளிருக்கு வழி செய்வோம் என்று ஒரு கோட்டு தைக்க உட்கார்ந்தேன். டொராண்டோ என்றால் பனி, வான்கூவர் என்றால் மழை என்று கண்ணாடிக்காரரே சொன்னார். எந்த ஊர் என்று முடிவாகாததால் இரண்டுக்கும் சேர்த்தே தைத்தேன். வெளியே குடைத்துணி, உள்ளே கம்பளி, நடுவில் பழைய மெத்தையிலிருந்து எடுத்த பஞ்சு. இப்படி ஒரு கோட்டை உலகத்தில் யாரும் தைத்திருக்க மாட்டார்கள். போட்டுப் பார்க்கலாம் என்று ஒரு நடுமத்தியான வெயிலில் அதற்குள் நுழைந்து ஜிப்பை மேலே இழுத்தேன். தாடைவரை வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. கீழேயும் வரவில்லை. பஞ்சு தடிமனால் இரண்டு கையும் உடம்போடு ஒட்டாமல் சிறகு விரித்தபடி நிற்கின்றன, என் கை என் ஜிப்புக்கே எட்டவில்லை. இந்த நேரம் பார்த்து விமான டிக்கெட் ஆபீஸில் வேலை பார்க்கிற அம்மா உள்ளே வருகிறார். அவருடைய ஆபீஸ் கோட்டு என்னிடம் எத்தனையோ புதன்கிழமைகளாகக் கிடக்கிறது. வழக்கமாக அவர் தலை தெருமுனையில் தெரிந்ததும் நான் பின்பக்கம் நூல் எடுக்கப் போய்விடுவேன். அன்றைக்கு எங்கே போவது? உடம்பு வாசலில் நுழையாது.

"மாஸ்டர், என் கோட்டு?"

"பட்டன் மட்டும்தான்மா பாக்கி."

"அதையேதான் போன மாசமும் சொன்னீங்க. இது யாருக்கு? யானைக்கா?"

"கனடாவுக்கும்மா. அங்கருந்து டிக்கெட் போடறாங்க. நீங்கதான் ஒரு யோசனை சொல்லணும். ஒரே பயணத்துல டொராண்டோவையும் வான்கூவரையும் முடிக்க முடியுமா?"

அந்த அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நான் வேர்த்துக் கொட்டுவதை நிதானமாகப் பார்த்துக்கொண்டே விவரம் சொன்னார். டொராண்டோவிலிருந்து வான்கூவருக்கு விமானத்திலேயே கிட்டத்தட்ட ஐந்து மணி நேரமாம். ஒரு ஊரில் சாப்பாட்டு நேரம் என்றால் இன்னொரு ஊரில் இன்னும் காலைதானாம். "உங்க வீட்டம்மா முழங்காலுக்கு இங்கருந்து போறதே அதிகம். நடுவுல இன்னொரு விமானமா? பாவம் மாஸ்டர். ஒரு ஊர் சொல்லுங்க, ஒரே ஊர்" என்றார். எனக்கு இன்னும் வேர்த்தது. பாதி வருத்தம், பாதி ஜிப். கடைசியில் கண்ணாடிக்காரர் தன் குட்டி ஸ்க்ரூ டிரைவரோடு வந்துதான் என்னை விடுவித்தார். அந்த அம்மா போகும்போது, "டிக்கெட் விலை ஏறுமா இறங்குமான்னு பார்த்துச் சொல்றேன் மாஸ்டர். புதன்கிழமை வாங்க" என்றார். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் அன்றைக்கு ராத்திரி கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டேன்.

உன் அத்தை பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே கேட்டாள்:

"ரெண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்தாச்சு. இப்ப எந்தப் பிள்ளைகிட்ட இல்லன்னு சொல்லப்போறீங்க?"

"ரெண்டும் நம்ம மேல உயிரா இருக்குது. பாசத்துல கூப்பிடுது. நான் என்ன செய்ய?"

"பாசம்தான். யாரு இல்லன்னா. ஆனா அதுங்க நம்மள மட்டுமா கூப்பிடுது? நீங்க யார் பக்கம்னு பாக்குது. போற வீட்டுல ஜெயிச்சதா நெனப்பாங்க. போகாத வீட்டுல அப்புறம் போனை எடுக்க மாட்டாங்க. இப்பவே அதுங்க ரெண்டும் பேசிக்கறதில்ல. நாம போய் அதுக்கு முத்திரை குத்திட்டு வரணுமா?"

மருமகனே, நடந்ததை நான் நடுநிலையாகவே எழுதுகிறேன், கோபிக்காதே. போன குளிர்காலத்தில் உன் அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு உன்னைப் பார்க்க விமானம் ஏறி வந்தாள். நீ வேலையிலிருந்து விமான நிலையத்துக்கு வர நேரமாகிவிட்டது. அவள் குளிரில் நின்று பார்த்துவிட்டு, குழந்தை அழவே, ஒரு சிநேகிதி வீட்டுக்குப் போய்த் தங்கி, உன்னைப் பார்க்காமலே திரும்பிப் போய்விட்டாள். "அவன் வரல" என்கிறாள் அவள். "அவ காத்திருக்கல" என்கிறாய் நீ. இரண்டும் உண்மைதான், அதுதான் தொல்லை. ஒன்று பொய்யாக இருந்தால் நான் எப்போதோ தீர்த்துவைத்திருப்பேன், பொய்யில் எனக்கு அனுபவம் உண்டு. உங்கள் அம்மா, என் தங்கச்சி, இருந்திருந்தால் இரண்டு பேர் காதையும் திருகி ஒரே அறையில் பூட்டியிருப்பாள். எனக்குத் திருகக் கை எட்டவில்லை, நடுவில் ஒரு கடல் கிடக்கிறது.

எங்களுக்கென்று பிள்ளை இல்லை என்பதை நான் எங்கேயும் சொல்லிப் புலம்பியதில்லை. புலம்ப வேண்டிய அவசியம் வரவில்லை, நீங்கள் இருந்தீர்கள். பள்ளிக்கூடத்துச் சீருடைக்கு உங்கள் இருவருக்கும் ஒரே துணியை விரித்துப் போட்டுத்தான் வெட்டுவேன். அவளுடைய பாவாடை போக மிச்சத்தில் உன் கால்சட்டை. நீ குள்ளமாக இருந்ததால் சரியாக வந்தது. யாருக்கு முதலில் வெட்டினேன் என்று நீங்களும் கேட்டதில்லை, நானும் நினைத்ததில்லை. இப்போது யாருக்கு முதலில் என்று கேட்கிறீர்கள், கத்தரி துணியில் இறங்க மறுக்கிறது.

ஆகவே ராத்திரி முழுக்க யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். பெரிய பெரிய மனிதர்கள் எடுக்கிற மாதிரியான முடிவு. நாங்கள் வான்கூவருக்குத்தான் போகிறோம். டொராண்டோவுக்கு இந்தத் தடவை வரவில்லை. நீ வருத்தப்படுவாய், தெரியும். ஆனால் நீ கோபப்பட்டால் மேஜையைக் குத்துவாய், இரண்டு நாள் சாப்பிடாமல் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு ரகசியமாகச் சாப்பிடுவாய், மூன்றாம் நாள் நீயே கூப்பிடுவாய். அவள் அப்படி இல்லை. அவள் "எனக்கு வருத்தமில்ல" என்று சொல்லிவிட்டு வருஷக்கணக்கில் மூக்கடைத்துக்கொண்டு இருப்பாள். தாங்கக்கூடியவனிடம்தான் சுமையைக் கொடுக்க முடியும், அதனால் உன்னிடம் கொடுக்கிறேன். நீ வளர்ந்தவன், நான் வளர்த்தவன், நாம் இரண்டு பேரும் சமாளித்துக்கொள்ளலாம். ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாங்கள் அங்கே இருக்கும்போது ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவள் போனுக்குக் கூப்பிடு. என்னோடு பேசுவதற்கு என்று சொல்லிக் கூப்பிடு. நான் குளித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, வெளியே வராமல் இருந்துகொள்கிறேன். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் குளிப்பேன்.

உனக்கு உடம்பில் பலமும் வேலையில் உயர்வும், கூடிய சீக்கிரம் வீட்டில் உன்னைத் தட்டிக்கேட்க ஒரு பெண்ணும் வாய்க்கட்டும். குளிரில் காதை மூடிக்கொள். அத்தை தன் அன்பைச் சொல்லச் சொன்னாள், கூடவே என்னென்னவோ சொன்னாள், இடமில்லை.

இப்படிக்கு, உன் நன்மையைத் தவிர வேறொன்றும் அறியாத,
உன் தாய்மாமன்,
தெருவின் முதல் கடை.

பின்குறிப்பு: மேலே எழுதியது எதுவும் செல்லாது. கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடினேன், உன் அத்தையின் போன் அடித்தது. உன் அக்கா. "மாமா, தம்பிகிட்டயும் அதே தேதிக்கு வர்றேன்னு சொன்னீங்களா?" என்றாள். "சேச்சே, யார் சொன்னது?" என்றேன். "தம்பிதான் சொன்னான்" என்றாள்.

தம்பிதான் சொன்னான். நான் சும்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

உன் அத்தை நேற்றே என் முதுகுக்குப் பின்னால் அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். அவளுக்கு வந்த கோபத்தில் யார் முதலில் கூப்பிடுவது என்பதெல்லாம் மறந்துபோய் நேரே உனக்குப் போன் போட்டாளாம், நீயும் எடுத்தாயாம். "ரெண்டு மணி நேரம் பேசினோம் மாமா. முதல் ஒரு மணி நேரம் உங்களைத் திட்டினோம். சின்ன வயசுலேருந்து நீங்க அளந்ததையெல்லாம் ஒண்ணொண்ணா எடுத்துப் போட்டோம். அவன் சிரிச்சு சிரிச்சு அழுதுட்டான்" என்றாள். அடுத்த ஒரு மணி நேரம் என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை, மூக்கு மட்டும் திறந்திருந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அதே தேதிக்கு அவளும் டொராண்டோவுக்கு வருகிறாளாம். ஆகையால் நீ வெள்ளிக்கிழமை தாராளமாக டொராண்டோவுக்கே டிக்கெட் போடு.

இதெல்லாம் முதலிலிருந்தே என் திட்டம்தான் என்று கண்ணாடிக்காரரிடம் சொல்லிவிட்டேன். யாராவது கேட்டால் நீயும் ஆமாம் என்று சொல். அப்புறம், அந்தத் திட்டு இருக்கிறதே, எல்லாவற்றையும் இப்போதே செலவழித்துவிடாதீர்கள். அவள் ஒரு பக்கம் நீ ஒரு பக்கம் உட்கார்ந்து, அவள் விட்ட இடத்தில் நீ எடுத்து, நீ மறந்ததை அவள் ஞாபகப்படுத்தி, ஒரு வார்த்தை விடாமல் என்னை நேரிலேயே திட்ட வேண்டும். நான் குறுக்கே பேசவே மாட்டேன்.