வாக்குத்தத்தத்தைத் திரும்ப வாங்கிய லஸ்கர்

ஆண்டவர் கொடுத்த வாக்குத்தத்தங்களை ஜனங்களின் கையிலிருந்து திரும்பப் பிடுங்கிய மனிதர் இந்தக் காவிரிப் பாசனத்தில் ஒரே ஒருவர்தான். எங்கள் லஸ்கர் அண்ணன். ஆற்று மதகுகளைத் திறந்து மூடும் லஸ்கர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்த பெயர் எங்கள் பாஸ்டருக்கே மறந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை சாயந்திரம் எங்கள் வீட்டில் வேதபாடம். யாராவது ஒரு வசனத்தைச் சொல்லி 'ஆமென்' வாங்குவதற்குள் பின்னாலிருந்து குரல் வரும்.

"சொன்னது யாரு? யார்கிட்ட சொன்னது? பத்து வசனம் மேல போங்க."

பாஸ்டர் நொந்துபோய், "ஒரு வசனத்தையாவது சும்மா விடுங்கண்ணே" என்பார்.

"கடைமடையில நின்னுக்கிட்டு தண்ணி ஏன் கலங்கலா வருதுன்னு கேட்டா எப்படிங்க? தலைமடைக்குப் போய்ப் பாக்கணும்ல?"

எங்கள் சபைக்காரர் ஒருவர் உரக்கடை திறந்தார். தொடக்கம் அற்பமானாலும் முடிவு பெரிதாக இருக்கும் என்ற வசனத்தை போர்டில் பெரிதாக எழுதியிருந்தார். லஸ்கர் அண்ணாந்து பார்த்தார். "இதைச் சொன்னது யோபுவோட சிநேகிதன் பில்தாத். கடைசியில ஆண்டவர்கிட்டயே திட்டு வாங்கின ஆளு."

"அண்ணே, பெயிண்ட்டே இன்னும் காயல. காயுற வரைக்குமாவது பொறுக்கக் கூடாதா?"

ஒரு கல்யாணப் பத்திரிகையில், நம் இருவருக்கும் நடுவே கர்த்தர் நின்று கண்காணிப்பார் என்று போட்டிருந்தார்கள். பந்தியில் உட்கார்ந்து, ரசத்துக்குக் குழி பண்ணிக்கொண்டே லஸ்கர் சொன்னார்: "இது மாமனாரும் மருமகனும் ஒருத்தரை ஒருத்தர் நம்பாம எல்லைக்கல் போட்டப்ப பேசினது." பெண்ணின் தகப்பனார் அதற்கப்புறம் அவர் இலைப் பக்கம் மோர் வரவிடவில்லை.

இப்படியெல்லாம் சிரித்துக்கொண்டிருந்த வீட்டில்தான் என் மனைவி எஸ்தருக்குப் புற்றுநோய் என்று சொன்னார்கள்.

புது வருஷத்தன்று எங்கள் சபையில் தட்டு நிறைய வசன அட்டைகளை வைப்பார்கள். கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். வருகிற வசனம்தான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் நமக்குத் தந்த வாக்குத்தத்தம். எஸ்தர் எடுத்ததில், உன் நாட்களோடு பதினைந்து வருஷம் கூட்டுவேன் என்று இருந்தது. எங்கள் மகள் அப்போது ஒன்பதாவது. "போதுங்க, பதினஞ்சு வருஷத்துல அவளைக் கரையேத்திடலாம்" என்று அட்டையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். உடம்பு நாளுக்கு நாள் உருகியது. மகளிடம் எதையும் பேசவில்லை. அதுதான் நாள் இருக்கிறதே!

நான் லஸ்கரைத் தேடிப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். "அண்ணே, அந்த அட்டையைப் பத்தி மட்டும் வாயைத் திறக்காதீங்க."

"பொய் சொல்ல வராதே தம்பி எனக்கு" என்றார். அதோடு வேதபாடத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருந்த எஸ்தரே அவரை அழைத்துவரச் சொன்னாள். வந்தார். கட்டிலின் ஓரத்தில் பட்டும் படாமலும் உட்கார்ந்தார்.

எஸ்தர் தலையணைக்கு அடியிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினாள். "அண்ணே, இந்தப் பதினஞ்சு வருஷம் எனக்கா, வேதத்துல வர்ற ராஜாவுக்கா?"

என்னைப் பார்த்தார். நான் கண்ணாலேயே கெஞ்சினேன்.

"எசேக்கியா ராஜாவுக்கும்மா" என்றார்.

ஆண்டவர் மன்னிக்கட்டும், அந்த நேரம் அவரை ஜன்னல் வழியாகத் தள்ளிவிடத்தான் தோன்றியது. அவர் பாட்டுக்கு வேதப்புத்தகத்தைப் பிரித்தார்.

"மேலேருந்து படிக்கிறேன், கேளு தங்கச்சி. வியாதியில படுத்திருக்குற ராஜாவுக்கு, வீட்டுக் காரியத்தை ஒழுங்கு பண்ணுன்னு முதல்ல சேதி வருது. ராஜா சுவர்ப் பக்கம் திரும்பிக்கிட்டு அழுவுறான். வருஷம் குடுக்குறதுக்கு முன்னாடி ஆண்டவர் என்ன சொல்றாரு? உன் கண்ணீரைப் பாத்தேங்கிறாரு. வருஷம் அவனுக்குத்தான். ஆனா ஆகார் வனாந்தரத்துல அழுதப்பவும் பாத்தாரு. அன்னாள் ஆலயத்துல அழுதப்பவும் பாத்தாரு. அவங்கள்லாம் ராஜாவா?"

நோய் தெரிந்த நாளிலிருந்து எங்கள் முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், சுவர்ப் பக்கம் திரும்பி அழுதாள். வெகுநேரம் அழுதாள். லஸ்கர் வாசித்த பக்கத்தில் விரலை வைத்தபடி அசையாமல் இருந்தார்.

மறுநாள் எஸ்தர் மகளை அருகில் உட்காரவைத்துப் பேச ஆரம்பித்தாள். பீரோ சாவி எங்கே என்பதில் தொடங்கி, அப்பா கோபத்தில் சாப்பிடாமல் படுத்தால் என்ன செய்ய வேண்டும் என்பது வரைக்கும் சொன்னாள். பத்தொன்பது நாள் பேசினார்கள். நடுவில் சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது. இருபதாம் நாள் காலையில் ஆண்டவர் அவளை அழைத்துக்கொண்டார்.

வேதபாடம் இன்றும் எங்கள் வீட்டில்தான் நடக்கிறது. ஆரம்ப ஜெபம் என்னுடையது. லஸ்கர் அண்ணனுக்கு இப்போது முழங்கால் வலி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் வருகிறார். வாசலில் அவர் ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்கும்வரை, நான் கண்ணை மூடிக்கொண்டு ஜெபத்தை நீட்டிக்கொண்டே இருப்பேன்.