ஐந்து நாள் விருந்தும் ஒரு கண்ணும்

டோங்காவுக்கு வருஷத்தில் ஒரு தடவை நியூசிலாந்திலிருந்து கண் டாக்டர்கள் வருவார்கள். ஐந்தே நாள். வந்தவரை உட்காரவைத்து உபசரிக்காமல் வேலை வாங்குவது முறையல்ல. ஆகவே அறுவை அறை திறக்குமுன்பே வரவேற்புக் குழு அமைந்துவிட்டது.

லெசியேலியின் இடது கண்ணைச் சர்க்கரை நோய் ஏற்கெனவே தின்றுவிட்டது. வலது கண்ணிலும் புது ரத்தக்குழாய்கள் களைபோல மண்டி, உள்ளே ஊறும் நீருக்குப் போக வழியில்லாமல் அழுத்தம் ஏறிக்கொண்டிருந்தது. சின்னக் குழாய் வைத்து வடிகால் விட்டால் மிச்சப் பார்வை தங்கும். பட்டியலில் முதல் பேர் அவள்தான்.

"இந்தத் தடவை விட்டா, அடுத்த வருஷம் வரைக்கும் கண்ணு தாங்காது. சர்க்கரை இறங்கியிருக்கணும்" என்று சொல்லியிருந்தார், அறுவை செய்ய வந்திருந்த டாக்டரம்மா.

ஞாயிற்றுக்கிழமை தேவாலய ஆராதனை முடிந்து வரவேற்பு விருந்து. நோயாளிகளுக்கு முன்வரிசை. பன்றி, கிழங்கு, தேங்காய்ப்பாகில் மிதக்கும் மாவுருண்டை.

"ஐயா, நாளைக்கு எனக்கு ஆபரேஷன். இனிப்பு வேணாமே" என்றாள் லெசியேலி, குழுத் தலைவர் வைசிமாவிடம்.

"ஆபரேஷன் நாளைக்கு. விருந்து இன்னைக்கு. ரெண்டையும் ஏம்மா போட்டுக் குழப்பிக்கிற?"

தங்கை காலோ விலாவில் இடித்தாள். "சாப்பிடுக்கா, மேடையிலேருந்து நம்ம ஊர்ப் பிரபு பாக்குறாரு. கண்ணு போனா உனக்கு மட்டும் போகும். மரியாதை போனா ஊருக்கே போகும்."

சாப்பிட்டாள். காலையில் சர்க்கரை பத்தொன்பது; நம்மூர்க் கணக்கில் முந்நூற்று நாற்பதுக்கு மேல். அறுவை தள்ளிப்போனது. திங்கள் மதியம் சுகாதார அமைச்சகத்தின் விருந்து, செவ்வாய் பாடகர் குழுப் பெண்களின் தேநீர். பட்டியலில் இருந்த எல்லாருக்கும் சர்க்கரை ஏறி, அறுவை அறை பூட்டியே கிடந்தது. புதனன்று வைசிமா நிலைமையைக் கூர்ந்து பரிசீலித்து, சர்க்கரைக் கட்டுப்பாட்டுக் குழு ஒன்றை நிறுவினார். துவக்க விழாவுக்கு மூன்றடுக்குக் கேக்.

வியாழனன்று லெசியேலி அழுதாள். "டாக்டரம்மா, கண்ணுல பனி மூடுது. மண்டை பிளக்குது."

"இவ்வளவு சர்க்கரையில கத்தி வச்சா சீழ் பிடிக்கும்மா. நேத்து என்னதான் சாப்பிட்டீங்க?"

"உங்க பக்கத்துலதானே உக்காந்து சாப்பிட்டேன்."

டாக்டரம்மா வாயைத் துடைத்துக்கொண்டார்.

வெள்ளியன்று வழியனுப்பு விருந்து. வைசிமா அறிக்கை வாசித்தார்: "இம்முகாமில் ஓர் அறுவைகூடத் தோல்வியடையவில்லை என்பதைப் பெருமகிழ்வுடன் தெரிவித்துக்கொள்கிறோம்!"

கைதட்டல் ஓய நேரமாயிற்று.

"அடுத்த வருஷ வரவேற்புக்குப் பெரிய பன்றி யார் வீட்டுது?" என்று மேடையிலிருந்தே கேட்டார் வைசிமா.

பக்கத்து வீட்டுக்காரி முந்துவதற்குள் லெசியேலி எழுந்து கையைத் தூக்கினாள். "எங்க வீட்டுது!"

காலோ அவள் தோளைப் பிடித்து மெல்லத் திருப்பினாள். "மேடை இந்தப் பக்கம்கா."