மேற்கு மண்டலத்துக்கு மூன்று அலகு

விளையாட்டு உடலுக்கு நல்லது. ஜேர்மன் வாழ் தமிழ்ப் பாடசாலைகளின் கூடைப்பந்தாட்ட ஒன்றியம் கூட்டுகிற ஒவ்வொரு கூட்டமும் இந்த வசனத்தோடுதான் தொடங்கும். அதற்குப் பிறகு கூட்டம் முடியும்வரை விளையாட்டைப் பற்றி ஒருவரும் கதைக்க மாட்டார்கள்.

நான் வுப்பர்டாலில், வளர்பிறைத் தமிழ்ப் பாடசாலையின் பெண்கள் அணியில் விளையாடுகிறேன். பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது, ஆவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி இடம் இன்னும் கிடைக்கவில்லை. வியாழக்கிழமைப் பின்னேரப் பயிற்சிதான் வாரத்தில் நாளும் நேரமும் குறித்து எனக்கிருக்கும் ஒரே உருப்படியான தெர்மின். அதற்கும் ஆபத்து வந்தது. மண்டபத்து வாடகையை ஏற்றிவிட்டார்கள். கோடை விடுமுறைக்குள் கட்டாவிட்டால் வியாழக்கிழமை வேறு ஆட்களுக்குப் போய்விடும்.

"சுற்றுப்போட்டியை வெல்லுவம். காசு வரும். கட்டுவம்," என்றாள் எங்கள் அணித்தலைவி தர்மிகா. அவள் எல்லாவற்றையும் இப்படித்தான் மூன்று வசனத்தில் முடிப்பாள்.

காசு வருவது உண்மைதான். ரிக்கெட், மட்டன் ரோல்ஸ், நகைக்கடை விளம்பரம் என்று சுற்றுப்போட்டி நன்றாக உழைக்கும். பிரிப்பதில்தான் வருடா வருடம் சண்டை. அந்தச் சண்டையை நிரந்தரமாகத் தீர்த்து வைத்தவர் ஒன்றியத் தலைவர் புவனேந்திரன் அங்கிள். அவர் தங்கச்சியைப் பார்க்க மூன்று கிழமை அமெரிக்கா போனார். போகும்போது ஒரு பெட்டி கொண்டு போனார். வரும்போது ஒரு பெட்டியும் ஒரு முறைமையும் கொண்டு வந்தார். அங்கே கல்லூரிக் கூடைப்பந்தில் காசு பிரிக்கிற முறைமை. அதன்பிறகு மற்றவர்கள் 'முருகா' என்று சொல்லும் இடத்தில் எல்லாம் அவர் 'அமெரிக்காவிலை' என்று சொல்லத் தொடங்கினார்.

எசன் நகரில் விளக்கக்கூட்டம் வைத்தார்கள். நிர்வாகக்குழு முழுவதும் ஒரே நிறக் கோட்டு போட்டிருந்தது. அதுவும் முறைமையின் ஒரு பகுதியாம்.

"ஒரு அணி ஒரு ஆட்டம் விளையாடினா ஓர் அலகு," என்றார் புவனேந்திரன் அங்கிள். "அந்த அலகு அணிக்கு இல்லை, அணியின்ரை மண்டலத்துக்கு. மண்டலம் அதைத் தன்ரை பாடசாலையளுக்குச் சரிசமனாப் பிரிக்கும். ஆறு வருசத்திலை."

"விளையாடின பாடசாலையளுக்கோ அங்கிள்?" என்று தர்மிகா கேட்டாள்.

"எல்லாப் பாடசாலைக்கும். விளையாடாதது அவையின்ரை குற்றமோ, பிள்ளை?"

"ஏன் ஆறு வருசம்?" இது நான்.

"அமெரிக்காவிலை ஆறு."

"அமெரிக்காவிலை ஏன் ஆறு?"

"அதைக் கேட்டுக்கொண்டு நிண்டா நான் பிளேனை விட்டிருப்பன். நீர் இரும்."

நான் இருக்கவில்லை. "விளையாடுற எங்களுக்கு?"

மண்டபமே என் பக்கம் திரும்பியது. நான் ஏதோ தூஷண வார்த்தை சொல்லிவிட்டதுபோல் பார்த்தார்கள். புவனேந்திரன் அங்கிள் குரலைத் தாழ்த்தினார். "விளையாட்டு ஒரு தொண்டு. தொண்டு செய்யிறவைக்குக் காசு குடுத்தா அது அவையை அவமதிக்கிறது. அந்த அவமானத்தை நாங்கள் உங்களுக்குச் செய்யமாட்டம்."

பலத்த கைதட்டல். பிறகு ஒரு சின்ன விளக்கம்: இறுதியாட்டத்துக்கு அலகு கிடையாது. ஏனென்றால் அதற்குக் கோப்பை இருக்கிறது.

வீட்டில் அப்பாவுக்கு இதைச் சொன்னேன். அவர் கோயிலுக்குக் காவடி எடுக்கிற ஆள். "அலகு எண்டா? கன்னத்திலை குத்துறதோ?" என்றார்.

"ஓம் அப்பா, அதேதான். ஆனா கோயிலிலை குத்தினவனுக்குப் புண்ணியம். இஞ்சை குத்து எங்களுக்கு, புண்ணியம் மண்டலத்துக்கு."

"நிர்வாகம் எண்டா அப்பிடித்தான்," என்றார் அப்பா. அவர் எந்த நிர்வாகத்தையும் எதிர்த்துக் கதைக்காத மனுசன்.

மேற்கு மண்டலத்தில் நான்கு பாடசாலைகள். அதில் அணி வைத்திருந்தது நாங்கள் மட்டும்தான். போட்டியில் நான்கு ஆட்டம் ஆடி நான்கையும் வென்றோம். இறுதியாட்டத்தில் தர்மிகாவின் உதடு வெடித்தது. வாயில் ஐஸோடு கோப்பையை வாங்கினாள். கீழே இறங்கும்போது, பக்கத்து ஊர்ப் பாடசாலைப் பொறுப்பாளர் சரளா அக்கா ஓடிவந்து எங்களைக் கட்டிப்பிடித்தார்.

"நாங்கள் வெண்டிட்டம், பிள்ளையள்!"

"நீங்கள் விளையாடவே இல்லையே அக்கா," என்றேன்.

"அதாலைதான் களைப்பில்லாமச் சந்தோசப்படுறம்!"

நான்கு ஆட்டம், இறுதியாட்டம் கழிய மூன்று அலகு. எனக்குக் கணக்கு வராது, ஆனால் மூன்றை நான்கு பாடசாலைக்குப் பிரிக்கத் தெரியும். மண்டபக் காசு வந்துவிடும் என்றுதான் பட்டது. பிரிக்கிற நாளில் போய்ப் பார்த்தால் மேற்கு மண்டலத்தில் பதினொரு பாடசாலைகள் இருந்தன. வெற்றிச் செய்தி பரவியதும் எல்லோருக்கும் திடீரென்று மேற்குத்திசையில் பற்று வந்துவிட்டது. ஒரு பாடசாலையில் மாணவர்களே இல்லை. பெயர்ப்பலகை மட்டும் இருந்தது, அழகான பெயர்ப்பலகை. இன்னொன்று மூனிச்சில் இருந்து வந்தது.

"மூனிச் தெற்கிலை எல்லோ?" என்றாள் தர்மிகா.

"புவியியல் வேறை, நிர்வாகம் வேறை," என்றார் புவனேந்திரன் அங்கிள். "பாரிசிலை இருந்தும் ஒரு பாடசாலை விண்ணப்பிச்சிருக்கு. நியாயமாப் பாத்தா அதுதான் உண்மையான மேற்கு."

மூன்று அலகில் நிர்வாகச் செலவு போய், கோட்டு தைத்த கூலி போய், மிச்சம் பதினொன்றாகப் பிரிந்து, அது பிறகு ஆறு வருடமாகப் பிரிந்து எங்கள் பாடசாலைக்கு வந்து சேர்ந்தது. மண்டபத்தைப் பராமரிக்கிற ஹவுஸ்மைஸ்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். நல்ல மனுசன், எண்ணிப் பார்த்தார். "இந்தக் காசுக்கு அரை மணித்தியாலம் தரலாம். உடம்பைச் சூடாக்குங்கோ. விளையாடுறதுக்கு அடுத்த வருசம் வாங்கோ," என்றார்.

அடுத்த வருடத்துப் பங்குக்கு இன்னொரு அரை மணித்தியாலம். அதுவும் சூடாக்கத்தான் காணும்.

இந்த நிலையில் எங்கள் அதிபர் கலாதேவி அக்கா அவசரக்கூட்டம் கூட்டினார். எங்களுக்காகப் போராடப் போகிறார் என்று நம்பி முன்வரிசையில் இருந்தோம்.

"நல்லா யோசிச்சுப் பாருங்கோ," என்றார் கலாதேவி அக்கா. "அணி வைச்சிருக்கிற எங்களுக்கும் அதே பங்கு, அணி இல்லாத பத்துப் பேருக்கும் அதே பங்கு. ஆனா மண்டபம், சப்பாத்து, பஸ் எல்லாம் எங்கடை செலவு. அப்ப இந்த மண்டலத்திலை நட்டப்படுற ஒரே பாடசாலை எது?"

"நாங்கள்," என்றார்கள் பெற்றோர்.

"ஏன்?"

"விளையாடுறபடியால்!"

"அப்ப என்ன செய்யவேணும்?"

ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அப்பாவும் கை உயர்த்தினார்.

"நாங்கள் விளையாடாட்டி அலகு எங்கையிருந்து வரும், அக்கா?" என்று தர்மிகா கத்தினாள். அவளுடைய உதட்டில் தையல் இன்னும் வெட்டவில்லை.

"மற்றப் பாடசாலையள் விளையாடுவினம்," என்றார் கலாதேவி அக்கா. "எல்லாத்தையும் நாங்களே செய்யவேணும் எண்டு நினைக்கிறது ஆணவம், பிள்ளை."

எங்கள் வியாழக்கிழமை சும்மா கிடக்கவில்லை. அதே மண்டபத்தை, அதே நேரத்துக்கு, ஒன்றியத்தின் அலகுப் பங்கீட்டு உபகுழு வாடகைக்கு எடுத்தது. வளையத்துக்குக் கீழே மேசை போட்டு ஆராய்ந்தார்கள். முழு வாடகையும் கட்டினார்கள். அவர்களிடம் காசு இருந்தது.

அடுத்த வருடச் சுற்றுப்போட்டி எசனில், பெரிய மண்டபத்தில். வரலாறு காணாத அளவில் நாற்பது பாடசாலைகள் பதிவு செய்திருந்தன. ஒன்றும் அணியோடு வரவில்லை. மற்றவன் கொண்டு வருவான் என்று ஒவ்வொருவரும் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்திருந்தார்கள்.

நிர்வாகக்குழு பதறவில்லை. அரை மணித்தியாலம் கூடிக் கதைத்தது. இரண்டு அணியும் வராத ஆட்டத்தில் ஒருவரும் தோற்கவில்லை, ஆகவே இரு மண்டலத்துக்கும் ஒவ்வோர் அலகு என்று அறிவித்தது. அட்டவணைப்படி ஒவ்வொரு ஆட்டத்தையும் ஒலிபெருக்கியில் தொடங்கி வைத்தார்கள், நேரம் முடிந்ததும் விசில் ஊதினார்கள். சனம் நிறைந்திருந்தது. ரோல்ஸ் பத்து மணிக்கே முடிந்து, பிறகும் பொரித்தார்கள். "இந்த முறை நல்ல ஒழுங்கு," என்று பக்கத்தில் ஒருவர் சொன்னார். "போன வருசம் ஒரு பிள்ளைக்கு இரத்தம் எல்லோ வந்தது."

எங்களுக்கும் ரிக்கெட் இருந்தது. தர்மிகா தோள்பையில் பந்து கொண்டு வந்திருந்தாள். ஒரு வருடமாக அவள் ஒரு நல்ல வளையத்தைக் கண்ணால் காணவில்லை. இங்கே இரண்டு இருந்தன, மினுங்கிக்கொண்டு, ஒருவரும் தொடாமல்.

"வா," என்றாள்.

இறங்கினோம். அவள் எனக்கு எறிந்தாள், நான் திருப்பி எறிந்தேன். அவள் பாய்ந்து போட்ட பந்து வளையத்தில் படாமல் வலைக்குள் விழுந்தது. அந்தச் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது.

உடனே ஒலிபெருக்கி கரகரத்தது. புவனேந்திரன் அங்கிளின் குரல், மிக மரியாதையாக:

"மைதானத்தில் விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் தயவுசெய்து உடனடியாக வெளியேறவும். சுற்றுப்போட்டி நடைபெற்றுக்கொண்டிருக்கிறது."

சனம் கைதட்டியது. அப்பா எழும்பி நின்று தட்டினார்.