ஊதல் வைத்தியம்

"டாக்டர், இப்படியே போனா வண்டியை வெளியிலயேதான் விடணும்," என்றார் குடியிருப்பின் செக்ரட்டரி.

கார் இன்னும் கேட்டைத் தாண்டவில்லை. அதற்குள் அது கிளப்பிய ஊதலில் மேல்மாடி ஜன்னல்களெல்லாம் திறந்துவிட்டன.

"கமிட்டியில பேசி முடிவு பண்ணியாச்சு. திங்கக்கிழமைக்குள்ள சத்தம் நிக்கணும். இல்லேன்னா உள்ளே விடமாட்டோம்."

பல் டாக்டருக்கு அந்த ஊதலால் வேறொரு வயிற்றெரிச்சலும் இருந்தது. கிளினிக் வாசலில் கார் வந்து நின்றாலே, உள்ளே காத்திருப்பவர்கள் அதைப் பல் குடையும் மிஷின் என்று நினைத்துக்கொள்வார்கள். "அப்புறம் வர்றோம்" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடுவார்கள்.

வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் பானட்டைத் திறந்து, காதைக் கொடுத்துக் கேட்டு, உதட்டைப் பிதுக்கினார்.

"வயசான இன்ஜின் டாக்டரம்மா. இப்படித்தான் பாடும். ஓடுற வரைக்கும் ஓட்டுங்க."

வீட்டில் கணவரும் அதே பல்லவியைத்தான் பாடினார். "நோண்டாதே. நோண்டினா பெரிசாகும். வெளியிலயே நிறுத்திக்கலாம், இப்ப என்ன குறைஞ்சுபோச்சு?"

"எங்கிட்ட வர்ற எல்லாருமே வலிக்குது, ஆனா நோண்டாதீங்கன்னுதான் சொல்றாங்க," என்றார் டாக்டர். "நான் என்னைக்குக் கேட்டிருக்கேன்?"

ஞாயிறு காலை காரோடு வந்த கையேட்டை எடுத்துவைத்துக்கொண்டு படித்தார். பெட்ரோல் எரியும்போது கொஞ்சம் புகை பிஸ்டனைத் தாண்டி, கீழே எண்ணெய் இருக்கும் அறைக்குள் கசியுமாம். அது ஒரு சின்ன வால்வு வழியாக ரப்பர் குழாயில் ஏறி, மறுபடி இன்ஜினுக்குள் போய் எரிய வேண்டுமாம். வால்வு அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறும், எண்ணெய் வெளியே வரும், இன்ஜின் திணறும்.

"மூச்சு விட முடியலை, பாவம்," என்று டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டார்.

கிளினிக்கிலிருந்து கொண்டுவந்த கருவிகளைத் தட்டில் வரிசையாகப் பரப்பினார். கணவர் டார்ச் பிடித்தார். பழக்கதோஷத்தில் காரைப் பார்த்து, "வாயைத் திறங்க" என்று சொல்லிவிட்டு, டாக்டர் தானே பானட்டைத் தூக்கினார்.

வால்வு கட்டைவிரல் அளவுதான். நல்ல வால்வைக் காதருகே ஆட்டினால் கடகடவென்று சத்தம் வரும் என்றது கையேடு. இது வாயே திறக்கவில்லை. உள்ளே பல்லில் கறை படிந்தாற்போல் கரும்பசை. டாக்டர் அதன்மேல் கிளீனரைப் பீய்ச்சி, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, ஆட்டிப் பார்த்தார். கடகட. முகமெல்லாம் பல்லாக வால்வைத் திரும்ப மாட்டி, இன்ஜினைக் கிளப்பினார்.

இப்போது இரண்டு ஊதல் கேட்டது.

"இவ்வளவு நாள் தனிப்பாட்டு, இப்ப ஜோடிப்பாட்டு," என்றார் கணவர். "நான் அப்பவே சொன்னேன்."

கழற்றும்போது வால்வைப் பிடித்திருந்த ரப்பர் வளையம் விரிசல் விட்டிருந்தது. டாக்டர் அசரவில்லை. பல் அச்செடுக்கும் பசையைக் குழைத்து, ரோஜா நிறத்தில் புது வளையம் வார்த்தார். அளவு அச்சாகப் பொருந்தியது. ஊதல் ஒன்றாகக் குறைந்தது. என்ன நடக்கிறது என்று பார்க்க, வெள்ளைச் சட்டையில் செக்ரட்டரி வந்து குனிந்தார். அந்த நேரம் பார்த்துச் சூட்டில் வளையம் இளகி, வால்வு துள்ளி வெளியே வந்து, சட்டை முழுக்க எண்ணெயைத் தெளித்தது.

செக்ரட்டரி சட்டையைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார்.

"திங்கக்கிழமை வரைக்கும் எதுக்கு டாக்டர்? இன்னைக்குச் சாயங்காலமே முடிச்சுக்கலாம்."

ரப்பர் வளையம் வாங்க டாக்டர் கணவரை அனுப்பினார். நெடுநேரம் கழித்து வந்தவர், தண்ணீர்க் குழாய்க்குப் போடும் வளையத்தை நீட்டினார்.

"கடைக்காரர் இதுதான்னு சொன்னாரு."

"அவர் என்ன, பைப் கடைக்காரரா?"

டாக்டர் வால்வைக் கையில் பிடித்துக்கொண்டு, எண்ணெய் படிந்த முகத்தோடு ஆட்டோ ஏறிப் போய், சரியான வளையத்தை வாங்கிவந்து பொருத்தினார். புது ஊதல் போய்விட்டது. பழைய ஊதல் மட்டும் கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் இருந்தது. மாடியிலிருந்து, வேறு சட்டை மாற்றிக்கொண்ட செக்ரட்டரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"விட்டுடேன்," என்றார் கணவர், ஏறக்குறைய கெஞ்சலாக. "உன் கையைப் பாரு, எப்படி ஆயிடுச்சு."

அப்போதுதான் டாக்டர் கவனித்தார். கணவர் இவ்வளவு நேரமும் வைப்பருக்குத்தான் வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தார்.

"டார்ச்சைக் குடுங்க."

வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு, பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியை ரப்பர் குழாயின் அடிப்பக்கம் நுழைத்தார். கண்ணும் எட்டாத, விரலும் நுழையாத இடுக்கு அது. கண்ணாடியில் கடுகளவு ஓட்டை ஒன்று தெரிந்தது. இடுக்கியால் பஞ்சை வைத்து அழுத்தினார். ஊதல் டக்கென்று நின்றது. எடுத்தார். ஊதியது. மறுபடி அழுத்தினார். நின்றது.

"சொத்தை இங்கே இருக்கு," என்றார் டாக்டர், டார்ச்சை வாயிலிருந்து எடுத்துவிட்டு. "இதை அடைச்சுப் பிரயோஜனமில்லை. பிடுங்கிட வேண்டியதுதான்."

மறுபடி ஆட்டோ, மறுபடி கடை. பழைய குழாயைப் பிடுங்கிப் புதியதைச் செருகி, இரண்டு முனையிலும் கிளிப்பை இறுக்கினார். அதற்குள் கமிட்டி முழுவதும் கீழே இறங்கிவந்து, தீர்ப்புச் சொல்லும் முகத்தோடு நின்றது.

"ம், ஸ்டார்ட் பண்ணுங்க டாக்டர்," என்றார் செக்ரட்டரி.

"பண்ணி ரொம்ப நேரமாச்சு."

செக்ரட்டரி நம்பாமல் பானட்டில் கை வைத்துப் பார்த்தார். மெல்லிய அதிர்வு. தூங்கும் குழந்தையின் மார்பில் கை வைத்தாற்போல் இருந்தது. அவர்தான் முதலில் கைதட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். கணவரும் தட்டினார், கொஞ்சம் தாமதமாக, சுரத்தில்லாமல்.

இந்த வெற்றியை ஒருவரிடம் காட்டாமல் டாக்டருக்குச் சோறு இறங்காது. முகத்தைக்கூடக் கழுவாமல் காரை நேரே மெக்கானிக்கின் பட்டறைக்கு ஓட்டினார். டயர்மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவர், கார் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றதுகூடத் தெரியாமல் இன்னொரு மடக்குக் குடித்தார். ஹார்ன் அடித்ததும் டீ மடியில் கொட்டியது.

டாக்டர் இறங்கி, பிடுங்கிய குழாயை அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"வயசான இன்ஜின், இப்படித்தான் பாடும்னு சொன்னீங்களே. இதுல ஓட்டை இருக்குன்னு உங்க அனுபவத்துக்குத் தெரியலையா?"

மெக்கானிக் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். பெரிய பாரத்தை இறக்கிவைக்கிறவர்போல் மூச்சு விட்டார்.

"தெரியாம என்ன டாக்டரம்மா, போட்டதே நான்தானே, நீங்க தெருமுனை திரும்பும்போதே சத்தம் கேட்டாத்தான் சாக்லேட் டப்பாவை ஒளிச்சுட்டு வாய் கொப்பளிக்க நேரம் இருக்கும்னு உங்க வீட்டுக்காரர்தான் போடச் சொன்னாரு."