கிரெய்கிபர்னில் நான் தூக்கிய கல்

பொய்களிலேயே ஆபத்தானது உடல்பலத்தைப் பற்றிச் சொல்லும் பொய்தான். படிப்பைப் பற்றிப் புளுகினால் யாரும் உடனே பரீட்சை வைக்கப்போவதில்லை. பலத்தைப் பற்றிப் புளுகினால் பக்கத்திலேயே ஒரு கல் கிடக்கும். எனக்குக் கிடந்தது.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. கிளேட்டனில் கணினி வேலை. எடை ஐம்பத்தாறு கிலோ (குளிர்கால ஜாக்கெட்டோடு). ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா என்னை நகரின் மறுகோடியிலிருந்த கிரெய்கிபர்னுக்குப் பெண் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். பெண்ணின் பெயர் துளசி. நோர்வேயின் வடக்கே ஒரு மீன்பிடி ஊரில் வளர்ந்தவள். விடுமுறைக்குத் தன் சித்தப்பா சிவா அங்கிளின் வீட்டுக்கு வந்திருந்தாள்.

"பிள்ளையள் கதைக்கட்டும்" என்று எங்களைப் பின்வளவில் இரண்டு கதிரைகளில் இருத்திவிட்டுப் பெரியவர்கள் வடை பொரிந்துகொண்டிருந்த குசினியின் ஜன்னலில் கூடினார்கள். (எங்களுக்குத் தெரியாது என்று நினைப்பு.) துளசி என்னைவிட அரைச்சாண் உயரம். சிரித்தால் தோள்களும் சேர்ந்து சிரிக்கும். ஐந்தாவது நிமிடமே எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

"உங்கட ஊரில என்ன விசேஷம்?" என்று கேட்டேன்.

"கதையள்தான். பலசாலியளின்ர கதையள். ஒருத்தன் மலை ஏறேக்க குதிரை களைச்சுப் போச்சுதாம். பாவம் எண்டு குதிரையைத் தூக்கித் தோளில போட்டுக்கொண்டு போனானாம்."

"பொம்பிளையளும் இருக்கினமோ?"

"ஓம். ஒருத்தி வயல் உழுதுகொண்டு நிண்டவவாம். வெளியூர்ப் பயில்வான் ஒருத்தன் வந்து, 'இந்த ஊர்ப் பலசாலியின்ர வீடு எங்கை?' எண்டு கேட்டிருக்கிறான். அவ கலப்பையை ஒரு கையால தூக்கி, 'அந்தா, அதுதான்' எண்டு காட்டினவவாம். ஆள் வந்த வழியே திரும்பிட்டான். இன்னொருத்தி தனியப் படகைத் தோளில தூக்கிக்கொண்டு வீட்ட வந்தவ. இறக்கிப் பாத்தா உள்ளுக்க புருஷன் நித்திரை!"

எப்போதோ செத்துப்போன நோர்வேக்காரர்கள் மீது எனக்குப் பொறாமை வந்தது.

"நானும் ஜிம்முக்குப் போறனான்," என்றேன். (போனது ஒரே ஒருநாள். அதுவும் பெயரை வெட்டச் சொல்லி.)

"அப்பிடியே? எவ்வளவு தூக்குவீங்கள்?"

"நூறு கிலோ. ஒரு கையால எண்டு சொல்லமாட்டன். ரெண்டு கையாலயும்."

குசினிக் கதவு படாரென்று திறந்தது. "அப்ப நல்லதாப் போச்சு தம்பி!" என்றபடி சிவா அங்கிள் வெளியே வந்தார். அந்தப் பகுதி நிலத்தில் மண்வெட்டி போட்ட இடமெல்லாம் கருங்கல்தான். அவர் கத்தரிப் பாத்தி வெட்டியபோது கிளம்பிய கல் ஒன்று, ஆடு படுத்திருப்பதுபோல் வளவின் நடுவில் கிடந்தது. "ரெண்டு மாசமா ஆள் தேடுறன். உந்தக் கல்லைத் தூக்கி வேலியடியில போட்டுவிடும்."

மறுக்க ஆயிரம் காரணங்கள் இருந்தன. ஒன்றும் ஞாபகம் வரவில்லை. புதுச் சட்டையின் கையை மடித்துக்கொண்டு போய்க் குனிந்தேன்.

"தம்பி, நாரி! இடுப்புப் பிடிச்சுப்போடும்!" என்று அம்மா ஜன்னலுக்குள்ளால் கத்தினார்.

கல் ஒரு விரற்கடை அசைந்தது என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன். அதே நொடியில் என் இடுப்புக்குள் யாரோ முறுக்கைக் கடித்ததுபோல் ஒரு சத்தம். கல்லை விட்டுவிட்டேன். இடுப்பு என்னை விடவில்லை. தொண்ணூறு பாகையில் அப்படியே நின்றேன்.

அதன்பிறகு பெண் பார்த்தது முழுவதும் கால்களைத்தான். எல்லோருடைய பாதங்களும் என்னைச் சுற்றி நின்று ஆலோசித்தன. "எண்ணெய் போடுவமோ?" என்றது சிவா அங்கிளின் மனைவியின் செருப்பு. "கொஞ்சம் நிமிர்ந்து பாருமன்," என்றது சிவா அங்கிளின் செருப்பு. வெறுங்கால் இரண்டு என் முகத்துக்கு நேரே வந்து நின்றன.

"காலுக்குள்ள விறைக்குதோ?" துளசி கேட்டாள்.

"இல்லை. மனம் மட்டும்தான்."

"நான் பள்ளிக்கூட லீவுகளில மீன் பெட்டி தூக்கினனான். அசையாமல் இருங்கோ."

அடுத்த கணம் தரை விலகிப் போனது. துளசி என்னை ஒரு மீன் பெட்டியைப் போலத் தூக்கி, நெஞ்சோடு அணைத்து, குசினிக் கதவால் பக்கவாட்டில் நுழைத்து, விருந்தறையைக் கடந்து, காரின் பின் சீட்டில் வைத்தாள். அம்மா என் சப்பாத்துகளைக் கையில் பிடித்தபடி பின்னால் வந்தார். மூன்று வீடு தள்ளி நாயோடு நடந்துவந்த கிழவர் ஒருவர் தொப்பியைக் கழற்றினார். நான் செத்துவிட்டதாக நினைத்திருக்க வேண்டும்.

கார் கிளம்புமுன் பின்வளவிலிருந்து துளசியின் குரல் கேட்டது. "சித்தப்பா, இதை ஏன் தூக்கிறியள்? அந்த அலவாங்குக் கம்பியைத் தாங்கோ, நெம்பி உருட்டிவிடலாம்." தொடர்ந்து வேலியில் தொம்மென்று ஒரு சத்தம்.

"எல்லாம் முடிஞ்சுது," என்றார் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன். வலியைவிட அதுதான் அதிகம் வலித்தது.

மூன்றாம் நாள் துளசியிடமிருந்து ஃபோன் வந்தது.

"நிமிர்ந்திட்டீங்களோ?"

"பாதி."

"உண்மையச் சொல்லுங்கோ. எவ்வளவு தூக்குவீங்கள்?"

"அஞ்சு கிலோ அரிசிப் பை. அதுவும் இடையில ஒருக்கா வைச்செடுத்துத்தான்."

அவள் சிரித்த சிரிப்பில் என் இடுப்பு இன்னொரு கால்வாசி நிமிர்ந்தது.

"இதை அண்டைக்கே சொல்லியிருந்தா அண்டைக்கே ஓம் எண்டிருப்பன்," என்றாள்.

கல்யாணமாகி ஏழு வருடங்கள். போன வருடம் துளசியின் ஊருக்குப் போயிருந்தோம். படகுத்துறையில் ஒரு கிழ மீனவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு நோர்வேஜிய மொழியில் ஏதோ கேட்டார். துளசிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நீங்கள்தானோ அந்த ஆள் எண்டு கேக்கிறார். அப்பா ஊர் முழுக்கச் சொல்லிவைச்சிருக்கிறார். நான் உங்களைத் தூக்கிக்கொண்டு ஒரு மலையைத் தாண்டினனானாம்."

கிழவர் என் எடையைக் கேட்டார். அறுபத்திரண்டு என்று உண்மையைச் சொன்னேன். ஏமாற்றத்தோடு தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

சென்ற மாதம் மாமனார் அங்கிருந்து ஃபோனில் பேசினார். கிழவர் கதையைத் திருத்திவிட்டாராம். இப்போது நான் நூற்றுப்பத்துக் கிலோ.